அது உன் அம்மாவின் வேண்டுதல் இல்லை

தம்பி, இதை நீ பூனாவில் உன் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாடு முடித்த கையோடு படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் வலைப்பூவையெல்லாம் நான் படிப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். ஆனால் படிக்கிறாய். போன மாதம் மின்வெட்டைப் பற்றி நான் எழுதியதற்குப் பெயர் போடாமல் ஒருவர் வந்து, 'இவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள்' என்று பின்னூட்டம் போட்டுவிட்டுப் போனாரே, அது நீதான். வீட்டிலும் நீ அப்படித்தான் கேட்பாய். இன்றைக்கும் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. வெள்ளிக்கிழமை நீ அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் நீ படித்தாக வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது.

முந்தாநாள் போனில் சொன்னாய், கிளம்பும் முன் அரை நாள் மட்டும் வந்துவிட்டுப் போகிறேன் என்று. ஒரு ராத்திரியாவது தங்கேன்டா என்றேன். "தங்கி இன்னாப்பா பண்றது? அம்மாகிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாய். அப்போது அம்மா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டுப் போனில் எதிர்ப்பக்கம் பேசுவது கூடம் முழுக்கக் கேட்கும். அவள் தலை நிமிரவில்லை. நார் எடுத்துக்கொண்டே இருந்தாள். உன் கோபம் தப்பான ஆள்மேல் இருக்கிறது தம்பி. நான்கு மாதமாக அது அங்கே இருக்க விட்டவன் நான். சித்ரா பௌர்ணமிக்கு உன் அம்மா செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வந்து, உள்ளங்கால் வெந்து, அது சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் படுத்து, மருந்து ஏற்றுவது ஒரு மாதம் தள்ளிப்போயிற்றே, அது அவள் வேண்டுதல் இல்லை. அவளுக்கு எந்த வேண்டுதலும் இருந்ததில்லை. நான்தான் நடக்க வைத்தேன். வேண்டுதல் என்று டாக்டரிடம் சொன்னதும் நான்தான். இதே வலைப்பூவில் அப்படியே எழுதியதும் நான்தான். 'அம்மாவின் பக்திக்குத் தலைவணங்குகிறேன்' என்று அன்றைக்குப் பின்னூட்டம் போட்ட எல்லாரும் இதையும் படிக்கட்டும் என்றுதான், உனக்குத் தனியாக மெயில் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

என் குணம் உனக்குத் தெரியாதது இல்லை. எதையாவது பிடித்தால் தலைகால் தெரியாமல் பிடிப்பேன். மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தலைநகரம் ஆன வருஷம், உனக்கு ஐந்து வயது, வேங்கிக்கால் பக்கம் ஆபீஸெல்லாம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு அங்கே மனை வாங்கி, டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் அது சலித்து கேரம் போர்டு. அப்புறம் யாரிடமும் போய்ப் படிக்காமல், பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்துப் பிரித்து மாட்டியே கம்ப்யூட்டர். அதில் மட்டும் தங்கிவிட்டேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ப்ரௌசிங் சென்டர் வந்தது அப்படித்தான். நீ ஏழாவது படிக்கும்போது உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த அழகு ஞாபகம் இருக்கிறதா? ஒரே நாளில் கற்றுக்கொடுத்து விடுகிறேன் பார் என்று எதிர்வீட்டுக்காரரிடம் சவால் விட்டு, கலெக்டர் ஆபீஸ் எதிரே அந்த இறக்கத்தில் உன்னை ஏற்றித் தள்ளிவிட்டேன். முட்டி கிழிந்து ரத்தம் சொட்ட வந்தாய். அம்மா கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "நானேதான் ஏறிப் பாத்தேன்" என்றாய். நான் சரி என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். என்னைக் காப்பாற்றுவதில் நீங்கள் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். அதனால் நான் கெட்டுப்போனேன் என்று சொன்னால் அதுவும் உங்கள் தலையில் பழியைப் போடுவதுதான். வேண்டாம்.

பொங்கலுக்குப் பிறகு அம்மாவுக்கு மார்பில் புற்றுக்கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. இது முழுசாகப் போகாது, கூடவே வைத்துக்கொண்டு வாழ வேண்டியதுதான், ஆனால் ரொம்ப வருஷம் வாழலாம் என்று டாக்டர் நம் மூன்று பேரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். நீ வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டாய். நான் அன்று ராத்திரியே நெட்டில் உட்கார்ந்துவிட்டேன். உடற்பயிற்சி செய்தால் களைப்பு குறையும், தூக்கம் வரும், மருந்தைத் தாங்கும் தெம்பு வரும் என்று பக்கம் பக்கமாகக் கிடைத்தது. எனக்கு நெஞ்சுக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. கத்தி டாக்டர் கையில், மருந்து நர்ஸ் கையில், நான் செய்ய ஒன்றுமே இல்லை என்று இருந்தவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஸ்டாப்வாட்ச் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை தூக்க வருவதற்காக, சுவரில் விரலால் ஏறிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். சமையலறைச் சுவரில் நான் பென்சிலால் கோடு போட்டு, இந்த வாரம் இது, அடுத்த வாரம் இது என்று எழுதி வைத்தேன். அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான்: "சார், கொஞ்சமா செய்ங்க. ஆனா தினமும் செய்ங்க. முடியாத அன்னைக்கு முடிஞ்ச அளவுக்கு." இதில் எனக்கு முதல் பாதியும் பிடிக்கவில்லை, கடைசிப் பாதியும் பிடிக்கவில்லை. கொஞ்சமாக என்பது எனக்கு வராத விஷயம்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரு முனை வரை, அப்புறம் தண்ணீர்த் தொட்டி வரை, அப்புறம் கலெக்டர் ஆபீஸ் காம்பவுண்டைச் சுற்றி. அம்மா முகத்தில் கொஞ்சம் களை வந்தது. நான் தினமும் இங்கே எழுதினேன். எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து உற்சாகப்படுத்தினார்கள். துபாயில் இருந்து ஒருவர், 'ஐயா, உங்கள் ஊரிலேயே பதினாலு கிலோமீட்டர் பாதை இருக்கிறதே, கிரிவலத்தையே இலக்காக வையுங்கள்' என்று எழுதினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, நல்ல மனசோடு எழுதினார். நான் அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். நம் ஊரில் ஒருத்தருக்கு உடம்பு தேறிவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி ஏது? மலையைச் சுற்றி வந்துவிட்டால் முடிந்தது, யாரும் அவளை நோயாளி என்று சொல்ல முடியாது. சித்ரா பௌர்ணமிக்கு என் மனைவி கிரிவலம் வருகிறாள் என்று அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். "யாரு, நானா?" என்று கேட்டுவிட்டு, தோசையைத் திருப்பினாள்.

அப்போது அவளுக்கு வேறு மருந்து மாற்றியிருந்தார்கள். அதனால் கை விரலும் பாதமும் மரத்துப்போகும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். பௌர்ணமியன்று மத்தியானம், "இந்த மாசம் வேணாங்க. காலு யாரோ வேறவங்க காலு மாதிரி கீது" என்றாள். நடந்தால் சரியாகிவிடும் என்றேன். சரி என்று கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டினாள். நான் கையில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கிரிவலத்துல செருப்பா? போட்டோ எடுத்து போடப் போறேன்மா. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" அவள் செருப்பைக் கழற்றி வாசல் ஓரமாக விட்டுவிட்டு வந்தாள். நான் சாமி கும்பிடுகிற ஆள்கூட இல்லை தம்பி. அவளும் வருஷத்துக்கு இரண்டு முறை கோயிலுக்குப் போனால் ஜாஸ்தி. நம் வீட்டில் யாருக்கும் இல்லாத பக்தியை ஒரு போட்டோவுக்காக அவள் காலில் ஏற்றிவிட்டேன்.

வெயில் தாழ்ந்துதான் கிளம்பினோம். ஆனால் சித்திரை மாதத்து தார் ரோடு பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி வரை வைத்திருக்கும் என்று நம் ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாதா? செங்கம் ரோட்டில் என்னால் கால் வைக்க முடியவில்லை. ஓரத்து மண்ணில் இறங்கி இறங்கி நடந்தேன். அவள் ரோட்டின் நடுவிலேயே, கூட்டத்தோடு கூட்டமாக, தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். "பாத்தியா, எனக்கே சுடுது, உனக்குத் தெரியவேயில்ல. அவ்ளோ ஸ்ட்ராங் ஆயிட்ட" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அவள், "ஆமா, தெரியல" என்றாள். இந்த இரண்டு வார்த்தை இப்போதும் காதில் இருக்கிறது. சுடாமல் இல்லை, சுடுவது தெரியாமல் இருந்தது. இணையம் முழுக்கப் படித்தவனுக்கு அது புரியவில்லை.

அடி அண்ணாமலை தாண்டும்போது, "ஆட்டோ ஏதாவது கெடைக்குமா பாருங்க" என்றாள். பௌர்ணமியன்று பாதைக்குள் ஒரு வண்டியும் விடமாட்டார்கள், உனக்கே தெரியும். உள்ளே இறங்கினால் நடந்துதான் வெளியே வர வேண்டும். அங்கே போலீஸ் வண்டி ஒன்று நின்றிருந்தது, கேட்டிருந்தால் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. பாதிக்கு மேல் வந்தாச்சு, இனிமேல் போய் ஆட்டோவா என்றேன். மோர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு நடந்தாள். முடித்த இடத்தில், ராஜகோபுரத்துக்கு எதிரே, அவளைச் சிரிக்கச் சொல்லி போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவை நீயும் பார்த்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து கால் கழுவ உட்கார்ந்தபோதுதான் பார்த்தோம். இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்பளித்து உரிந்திருந்தது. வலிக்கவில்லை என்றாள். அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

நான்காம் நாள் குளிர் காய்ச்சல். சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாரு இவங்கள இப்படி நடக்க விட்டது?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போய்க் கேட்டார். என் வாயிலிருந்து வந்தது, "வேண்டுதல் சார். சொன்னா கேக்கல." யோசித்துச் சொல்லவில்லை. எங்கிருந்தோ தயாராக வந்தது. அவர் திருவண்ணாமலையா என்று கேட்டுத் தலையை ஆட்டினார். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் நம்மிடம் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அம்மா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தாள். கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. சைக்கிள் விஷயத்தில் நான் டீ குடிக்கக் கிளம்பியபோது பார்த்த மாதிரி பார்த்தாள். அன்று ராத்திரி இங்கேயும் அப்படியே எழுதினேன், ஏனென்றால் ஏன் நடை நின்றுபோயிற்று என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீ அதைப் படித்துவிட்டுத்தான் பூனாவில் இருந்து வந்தாய். வந்து நின்ற கோலம் மறக்காது, முதுகில் பையோடு, ஷேவ் பண்ணாத முகத்தோடு. "சாமிக்காக சாவறதுன்னா செத்துப் போ. எதுக்கு எங்கள இங்க நிக்க வெக்கற? ஒண்ணும் படிக்காதவங்க மாதிரி. இனிமே எனக்கு போன் பண்ணாத" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அம்மா போர்வையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். நான் டிபன் கேரியரோடு கதவருகில் நின்றேன். அப்போது ஒரு வரி போதும். நான்தான்டா என்று ஒரே சொல். நீ என்னைப் பார்த்து, "நீயாவது தடுத்திருக்கக் கூடாதாப்பா, பாவம் நீ இன்னா பண்ணுவ" என்றாய். என்மேல் இரக்கப்பட்டாய் தம்பி. அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீ போன பிறகு அவளிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "அவன் உங்க மேல கோச்சிகிட்டா நீங்க தாங்க மாட்டீங்க. கடைய சாத்திட்டு மூலையில குந்திக்குவீங்க. அப்புறம் எனக்கு யாரு கஞ்சி வெக்கறது?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது, கேட்கத் தகுதி இல்லாவிட்டாலும். இருபத்து மூன்று வருஷத்தில் உன் அம்மா எதற்காவது வேண்டிக்கொண்டு நீ பார்த்திருக்கிறாயா? உன் பத்தாவது பரீட்சைக்குக்கூட, படிச்சா பாஸ் பண்ணப் போறான், அதுக்கு எதுக்கு தேங்கா என்று சொன்னவள். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். டாக்டரைப் போலவே நீயும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

கால் ஆறிய பிறகும் அவள் நடக்கவில்லை. சுவரில் விரல் வைக்கவும் இல்லை. தோள் இறுகிப்போய், தலை பின்னிக்கொள்ளக் கை எட்டவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், நான் சொன்னேன், நீ என்னிடம் "சோம்பேறியா ஆயிட்டாங்க" என்றாய். அதற்கும் நான் ம்ம் என்றேன். ஒருநாள் கெஞ்சிக் கேட்டபோது சொன்னாள்: "நடக்கறதுக்கு எனக்கு பயம் இல்லீங்க. நீங்க பாத்துகினே இருக்கறதுதான் பயம். நான் ஒரு அடி வெச்சா நீங்க பத்தடிக்கு பிளான் போடுவீங்க." அன்றைக்கு ஸ்டாப்வாட்சைக் கடையில் வேலை செய்யும் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். ஃபிரிட்ஜ் கதவைச் சுத்தம் செய்தேன். சமையலறைச் சுவரில் பென்சில் கோடுகளை அழித்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஆடி மாதத்தில் ஒருநாள், கடைச் சாவியை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போய்த் தேடினால், பின்தெருவில் வந்துகொண்டிருக்கிறாள். புடவைக்குக் கீழே உன் பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ் ஷூ, உள்ளே சாக்ஸ். என்னைப் பார்த்ததும் நின்றாள். "கடைக்குப் போவல?" என்றாள். சாவி என்றேன். "எடுத்துகினு போங்க" என்றாள். எடுத்துக்கொண்டு போய்விட்டேன். எத்தனை நாளாக என்றுகூடக் கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பிறகு அவளே சொன்னாள். காலையில் மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டு வெளியே இறங்குவாளாம். தொட்டி நிரம்புகிற வரை நடை. எப்படியும் தினமும் மோட்டார் போட்டுத்தானே ஆக வேண்டும், அதனால் நடையும் தப்பாது. மருந்து ஏற்றின வாரத்தில் வாசல் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். "இதுவும் நடைதான்னு அந்த பொண்ணு சொல்லிச்சே, நீங்கதான் கேக்கல." உடம்பு நன்றாக இருக்கிற நாளில் அவள் பாட்டுக்குத் தூரமாகப் போய்விடுவாள். பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து, "அக்கோவ், தொட்டி வழியுது, எங்க போயிட்ட?" என்று கூப்பிடுவார்கள். தண்ணீர் வீணாகிறதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை இப்போது பின்னலுக்கு எட்டுகிறது. பாதத்தில் இன்னும் முழுசாக உணர்ச்சி வரவில்லை, அதனால் வீட்டுக்குள்ளும் செருப்பு போடுகிறாள். போன வாரத்திலிருந்து என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள். பேசக்கூடாது, முன்னால் போகக்கூடாது. நான் இரண்டடி பின்னால் போகிறேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் எனக்கே மூச்சு வாங்குகிறது. நீயும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாய், அதனால் உனக்கும் ஒரு... பார், மறுபடி ஆரம்பித்துவிட்டேன். விடு.

இதை எழுதப்போகிறேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். "எழுதுங்க. ஆனா என்னப் பாவம்னு எழுதாதீங்க. வேணாம்னு நானும் கத்தியிருக்கலாம். கத்தல" என்றாள். அவள் சொன்னாள் என்பதற்காக அதையும் எழுதிவிட்டேன், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்க மாட்டேன். வேண்டாம் என்று அவள் சொன்னாள் தம்பி. மெதுவாகச் சொன்னாள். கத்தினால்தான் எனக்குக் காது கேட்கும் என்று இருந்தது என் தப்பு.

நீ என்னிடம் கோபித்துக்கொள். எத்தனை மாதம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. நான் தாங்குவேனா மாட்டேனா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், கடையைச் சாத்த மாட்டேன். ஆனால் அவளிடம் சொன்னதை நீ திரும்ப எடுத்துக்கொள்ளாமல் விமானம் ஏறாதே. அரை நாள் என்பதை ஒரு ராத்திரி ஆக்கு. வர முடியாவிட்டால் போனாவது பண்ணு. காலை ஏழு மணிக்கு மேல் பண்ணு, அதற்கு முன்னால் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். அவளே வந்து எடுக்கட்டும். அவள் ஷூவைக் கழற்றிவிட்டு வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், வைத்துவிடாதே.

அப்பா